திரும்பும் சக்கரத்தின் பூர்வீகம்

போடிநாயக்கனூரில் குடியிருந்துகொண்டு மலைக்கு அப்பால் ஏலத்தோட்டம் நடத்திவரும் என் நண்பர் ஒருவர், தோட்டத்துப் பாதையின் கல்லிலும் முண்டிலும் அடிப்பாகம் தட்டுகிறது என்ற காரணத்தால் தமது பழைய சி.ஜே.3பி ஜீப்பின் உயரத்தைக் கூட்டிப் பெரிய டயர்களையும் மாட்டிவிட்டார். தோட்டத்தில் அது சொன்னபடி கேட்டது. கீழே இறங்கித் தேனிச் சாலையில் சற்று வேகம் பிடித்ததுமோ, பிடித்த பிடியில் நில்லாமல் இடமும் வலமுமாக அலைந்தது. பட்டறைக்காரர் வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, "ஜியாமெட்ரி போச்சு சார், உயரம் ஏத்துனாங்களே தவிர அளவு பாத்து ஏத்தல" என்றார். ஏத்தினவர் பக்கத்திலேயே நின்றபடியால் நண்பர் ஒன்றும் பேசவில்லை. எனக்கு மட்டும், போய்விட்டதாகச் சொல்லப்படும் இந்த க்ஷேத்திரகணிதம் முதலில் யாரால் வந்தது என்று அறியும் விருப்பம் பற்றிக்கொண்டது.

மோட்டார் சாஸ்திரத்தைப் பற்றிய பழைய புத்தகம் எதைப் பிரித்தாலும் இந்த விஷயத்தில் முதலில் வந்து நிற்கும் பெயர் ஆக்கர்மன் என்பதே. ருடால்ஃப் ஆக்கர்மன் 1764-ல் சாக்ஸனியில் பிறந்து, வண்டிகளுக்கு வடிவம் வரைவதில் தேர்ந்து, லண்டன் ஸ்ட்ராண்டு வீதியில் சித்திரப் பிரதிகளும் புத்தகங்களும் விற்கும் பிரசித்தமான கடையொன்றை நடத்திய மனிதர். டிரஃபால்கரில் மாண்ட நெல்சனுடைய சவ ஊர்வல ரதத்தை வடிவமைத்தவரும் அவரே. 1818-ஆம் ஆண்டில் அவர் பெயரால் பதிவான இங்கிலாந்துக் காப்புரிமையின் சாரம் இதுதான்: குதிரைவண்டியின் முன் அச்சு முழுவதும் நடு ஆணியின்மேல் சுழல்வதற்குப் பதிலாக, அச்சு அசையாமல் நிற்க, அதன் இரு முனைகளிலும் உள்ள சக்கரங்கள் மாத்திரம் தத்தம் ஆணியில் திரும்பவேண்டும். அச்சு முழுவதும் சுழலும் வண்டியில் சக்கரம் உடலுக்கடியில் புகுவதற்கு இடம் விடவேண்டியிருந்ததால் வண்டி உயர்ந்தே நின்றது. அதோடு, திரும்பும் கணத்தில் முன்புறத்தின் தாங்குதளமும் குறுகிப்போய், கவிழ்வதற்கு எல்லா வசதியும் ஏற்பட்டது.

ஆனால் காப்புரிமைக்குப் பின்னால் இன்னொரு மனிதர் இருந்தார். மூனிக் நகரில் பவேரிய அரசவைக்கு வண்டி கட்டிக்கொடுத்த கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர் என்பவரே இதைக் கண்டவர். ஆக்கர்மன் அவருக்கு லண்டனில் வாய்த்த முகவர். முகவருடைய பெயர் இரண்டு நூற்றாண்டுகளாக உலகத்துப் பட்டறைகளிலெல்லாம் வழங்க, கண்டவருடைய பெயர் அடிக்குறிப்புக்குள் ஒடுங்கியது வியாபார உலகில் அபூர்வமான சங்கதியன்று. அவருக்கும் முன்னால், 1750-களின் இறுதியிலேயே, லிச்ஃபீல்டு என்ற சிற்றூரில் வைத்தியம் பார்த்துவந்த எராஸ்மஸ் டார்வின், பரிணாமம் பேசிய சார்லஸ் டார்வினின் பாட்டனார், நோயாளிகளைப் பார்க்க நாள்தோறும் கரடுமுரடான வழிகளில் அலைந்த அனுபவத்தால் இதே உபாயத்தை யோசித்துத் தம் வண்டியில் அமைத்துக்கொண்டார். வைத்தியருக்கு யந்திரப் பித்து என்ற பேச்சு எழுந்தால் தொழில் கெடும் என்று அஞ்சியதனால் போலும், அவர் காப்புரிமை கோரவில்லை. 1768-ல் தாமே புனைந்த வண்டியொன்றிலிருந்து தூக்கியெறியப்பட்டு முழங்காற்சில்லு உடைந்து, பிறகு வாழ்நாள் முழுவதும் விந்தி நடந்தார். பரம்பரை வரையும்போது நான் இவரையே முதல் ஸ்தானத்தில் வைப்பேன்; வண்டியில் தானே ஏறிப்போக வேண்டியிருந்தவருடைய யோசனைக்குத் தனி மதிப்பு உண்டு.

அதன்பின் வந்தவர்களை விரைந்து கடந்துவிடலாம். லெ மான் நகரத்து மணி வார்ப்பவரான அமெதே பொல்லே 1873-ல் தமது நீராவி வண்டியின் முன்சக்கரங்களைத் தனித்தனி ஆணியில் நிறுத்தினார். பாரிஸில் வண்டி கட்டிவந்த ஷார்ல் ஜான்டோ, 1878-ல், சக்கரங்களைத் திருப்பும் இரு கைகளின் ரேகைகளையும் நீட்டினால் அவை பின் அச்சின் நடுவில் சந்திக்கவேண்டும் என்று விதி வகுத்தார். வளைவில் உள்சக்கரம் வெளிச்சக்கரத்தைக் காட்டிலும் அதிகமாகத் திரும்பவேண்டியதை ஏறத்தாழ நிறைவேற்றித்தரும் சுலபமான விதி அது. கார்ல் பென்ஸ் 1886-ல் காப்புரிமை பெற்ற வண்டி மூன்று சக்கரங்களோடு ஓடியதற்கும், 1893-ல்தான் அவர் நான்கு சக்கரத்துக்கு மாறியதற்கும், இரு முன்சக்கரங்களைச் சரியாகத் திருப்பும் வழி அதுவரை அவருக்கு அகப்படாததே காரணம்.

இவ்வளவையும் குறித்துக்கொண்டு ஜீப்பின் அருகில் போய் நின்றபோது, இந்த வம்சாவளியில் நண்பருடைய வியாதிக்குச் சம்பந்தமுள்ளவர் ஒருவருமில்லை என்பது தெரிந்தது. டார்வின் முதல் ஜான்டோ வரையில் எல்லோரும் வண்டியை மேலிருந்து பார்த்தவர்கள். அவர்கள் வரைந்த கோணங்கள் கிடைத்தளத்தில் கிடப்பவை. ஜீப்பிலோ, சக்கரங்களை இணைக்கும் டை ராடுகள் முன் அச்சோடு சேர்ந்தே இருக்கின்றன. சட்டத்தை எவ்வளவு உயரத்துக்குத் தூக்கினாலும் அச்சும் அதன்மேல் உள்ளனவும் பழையபடியே நிற்கும். ஆக்கர்மன் பெயரால் வழங்கும் கணிதத்தில் ஒரு மயிரிழையும் பிசகவில்லை. பிசகியது பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மாத்திரம் புலப்படும் கணிதம். ஆகவே அதைப் பெற்றவரை வேறிடத்தில் தேடவேண்டியதாயிற்று.

அவர் கிடைத்த இடம் நான் எதிர்பாராதது. பிரெஞ்சுப் படையதிகாரியான ஆர்தர் கிரெப்ஸ், ஷார்ல் ரெனார் என்பவரோடு கூட்டாக 'லா பிரான்ஸ்' என்ற ஆகாயக் கப்பலைக் கட்டி, 1884 ஆகஸ்டு 9-ஆம் தேதி சுமார் 8 கிலோமீட்டர் தூரத்தை 23 நிமிஷங்களில் சுற்றிவந்து, கிளம்பிய இடத்திலேயே இறக்கியவர். தன் சக்தியாலேயே புறப்பட்ட ஸ்தானத்துக்குத் திரும்பிய முதல் ஆகாயக் கப்பல் அதுவே. அந்த கிரெப்ஸ் 1896-ல் எழுதிய மோட்டார் வண்டிக் காப்புரிமையில், முன் அச்சானது அதைத் திருப்பும் ஆணியின் ரேகை நிலத்தைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் அமையவேண்டும் என்றும், அப்படி அமைந்தால் ஏதோ ஒரு தாக்குதலால் திரும்பிப்போன சக்கரங்கள் தாமாகவே நேர்நிலைக்கு மீளும் என்றும் சொல்கிறார். காஸ்டர் என்று இன்று பட்டறைகளில் வழங்குவது இதுவே. சக்கரம் திரும்பும் ஆணியான கிங் பின்னின் தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்தால், டயர் நிலத்தில் பதியும் இடம் அந்த ஆணியின் ரேகைக்குப் பின்தங்குகிறது. ஓடும்போது நிலமே அதைப் பின்னுக்கு இழுத்து நேராக்குகிறது. மறு ஆண்டே அவர் பான்ஹார் மோட்டார் கம்பெனியின் நிர்வாகியானார்.

வில்லிஸ் வம்சத்து ஜீப்புகளில் இந்தச் சாய்வு 3 டிகிரி. அவற்றின் முன் வில்பட்டை சுமார் 36 அங்குல நீளமுள்ளது. பின்முனை சட்டத்தில் நிலையாகக் கோக்கப்பட்டிருக்க, முன்முனை சாக்கிள் என்ற ஊசலாடும் இணைப்பில் தொங்குகிறது. நண்பருடைய வண்டியை உயர்த்தியவர் இந்தச் சாக்கிளை 2 அங்குலம் நீளமாக்கியிருந்தார். 36 அங்குலப் பட்டையின் ஒருமுனை 2 அங்குலம் தாழ்ந்தால் பட்டை முழுவதும் ஏறக்குறைய 3 டிகிரி முன்னோக்கிக் கவிழும். அதன்மேல் உட்கார்ந்த அச்சும் கூடவே கவிழும். ஆக, வண்டிக்கு ஓர் அங்குல உயரத்தைச் சம்பாதித்துக் கொடுத்த அந்தச் சாக்கிள், கிரெப்ஸ் ஈந்த சாய்வு முழுவதையும் விழுங்கிவிட்டது. பாக்கி உயரம் கூடுதல் பட்டை செருகியதால் வந்தது. அதனால் சாய்வுக்கு அவ்வளவு சேதமில்லை.

இரண்டாவது வியாதி ஒன்றும் இருந்தது. பள்ளத்தில் இறங்கியபோதெல்லாம் ஸ்டியரிங் வளையம் கையிலேயே உதறித் திரும்பியது. ஸ்டியரிங் பெட்டியின் கையிலிருந்து அச்சுக்குப் போகும் டிராக் ராடு அதற்குக் காரணம். 30 அங்குலத் தண்டொன்று கிடையாக இருந்து ஒருமுனை 3 அங்குலம் தாழ்ந்தால், அதன் கிடைநீளம் 0.15 அங்குலம்தான் குறையும். அதே தண்டு ஏற்கெனவே 4 அங்குலம் சரிந்திருந்து மேலும் 3 அங்குலம் தாழ்ந்தால், 0.56 அங்குலம் குறைகிறது. குறைந்த அந்தத் தூரத்தைச் சக்கரம் திரும்பித்தான் ஈடுசெய்யவேண்டும். பட்டையின் நிலையான முனையை ஸ்டியரிங் பெட்டி இருக்கும் பின்புறமாகவே வைத்ததில் பழைய வடிவமைப்பாளரின் சாதுர்யம் தெரிகிறது: அச்சு ஏறி இறங்கும் வளைவும், தண்டின் முனை வரையும் வளைவும் ஏறத்தாழ ஒரே பக்கத்து மையத்திலிருந்து பிறக்கும்படி செய்திருக்கிறார். வண்டியை உயர்த்தும்போது தண்டு அதிகமாகச் சரிய, அந்த இரு வளைவுகளின் ஒற்றுமை குலைகிறது.

பட்டறைக்காரர் முதலில் அச்சுக்கும் பட்டைக்கும் இடையில், தடித்த பக்கம் முன்னோக்கும்படி ஆப்புத் தகடு வைத்துச் சாய்வை மீட்கலாம் என்றார். ஆனால் அப்படி அச்சைப் பின்னுக்குச் சுழற்றினால், முன் ஷாஃப்ட் வந்து சேரும் பினியனின் மூக்கும் கீழே சாயும். உயர்த்திய வண்டியில் முன் ஷாஃப்ட்டின் கோணம் முன்னமே கடுமையாக இருப்பதால், அதன் குறுக்கு மூட்டு அதிரத் தொடங்கும். அச்சின் முனைகளை வெட்டித் திருப்பி மறுபடி வெல்டிங் செய்தால் பினியனைத் தொடாமலே சாய்வு கிடைக்கும். ஆனால் அதற்குத் துல்லியமான சட்டகமும் துணிச்சலும் வேண்டும். கடைசியில் அவர் நீளச் சாக்கிளையே கழற்றிப் போட்டுவிட்டுப் பழைய நீளத்தில் புதியதை மாட்டினார். ஓர் அங்குலம் குறைந்ததில் நண்பருக்கு மனத்தாங்கல்தான்; வண்டியோ சாலையைப் பிடித்துக்கொண்டது. டிராக் ராடின் சரிவு இன்னும் கொஞ்சம் மீதியிருக்கிறது. ஸ்டியரிங் பெட்டியின் கையைச் சூடாக்கிக் கீழ்நோக்கி வளைத்தால் அதுவும் தீருமே என்று நண்பர் கேட்டதற்கு, அடித்து உருவாக்கிய அந்தக் கையில் தீக்காட்டினால் மலையிறக்கத்தில் ஒருநாள் முறியும், அந்த வேலையை வேறு பட்டறையில் போய்ச் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லி, அவர் அடுத்த வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.