சேத்தூரிலிருந்து முதுகுளத்தூர் வரை

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துச் சேத்தூரைப் பழைய ஏடுகள் சேற்றூர் என்று எழுதும். புலவர்களைப் போற்றிய ஜமீன் இருந்த ஊர். மலைநீர் கண்மாய்களை நிரப்ப, நெல்லும் தென்னையும் தழைக்கும் இம்மண்ணிலிருந்து கிழக்கே பேருந்தேறினால், இராஜபாளையம், திருவில்லிபுத்தூர், அருப்புக்கோட்டை கடந்ததும் கரிசலும் சீமைக் கருவேலுமாய் நிலம் மாறிவிடுகிறது. அவ்வழியே நாம் முதுகுளத்தூர் சென்று வந்தோம். 1985-இல் பிரிக்கப்படும் வரை இரண்டு ஊர்களும் ஒரே இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவை.

ஒரு தேர்தல் நாட்டை உள்நாட்டுப் போரில் தள்ளியதற்கு அமெரிக்காவைச் சான்று காட்டுவர். 1860-இல் லிங்கன் குடியரசுத் தலைவராக வென்றபோது, தென்மாநிலங்கள் பலவற்றில் அவர் பெயருக்கு வாக்குச்சீட்டே இல்லை. அவர் பதவியேற்குமுன் ஏழு மாநிலங்கள் பிரிந்தன; 1861 ஏப்ரலில் பீரங்கி முழங்கிற்று. அதே நோயைச் சிறிய அளவில் காண நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை.

1957 பொதுத் தேர்தலில் முத்துராமலிங்கத் தேவர் திருவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியிலும் முதுகுளத்தூர்ச் சட்டமன்றத் தொகுதியிலும் வென்றார். சட்டமன்ற இடத்தை அவர் விட்டுக்கொடுக்க, ஜூலையில் இடைத்தேர்தல் வந்தது. பார்வர்டு பிளாக்கின் சசிவர்ணத் தேவர் காங்கிரசை வென்றார். முடிவு வெளியானதும் கலகம் மூண்டது. தேவர் சமூகத்தார் ஒருபுறமும், காங்கிரசை ஆதரித்த தேவேந்திரகுல வேளாளர் மறுபுறமுமாக ஊர்கள் பிளந்தன, வீடுகள் எரிந்தன. செப்டம்பர் 10 அன்று மாவட்ட ஆட்சியர் முதுகுளத்தூரில் சமாதானக் கூட்டம் கூட்டினார். தேவேந்திரர் சார்பில் அதில் அமர்ந்து பேசிய முன்னாள் படைவீரர் இம்மானுவேல் சேகரன் மறுநாளே பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 32. செப்டம்பர் 14 அன்று கீழத்தூவலில் போலீசார் சுட்டதில் ஐவர் மாண்டனர். கொலை வழக்கில் கைதான முத்துராமலிங்கத் தேவரை 1959-இல் நீதிமன்றம் விடுதலை செய்தது.

தேர்ந்தெடுக்கப்பட வேண்டியவர் ஒரே ஓர் உறுப்பினர்தானே, அதற்கா இத்தனை குருதி என்று வாசகர் வினவலாம். ஆள் யார் என்பதன்று அங்கே வழக்கு. நெடுங்காலம் பணிந்து நடந்தவர் தம் விருப்பப்படி வாக்களித்ததையே ஒரு சாரார் அவமதிப்பாகக் கொண்டனர். வாக்குப்பெட்டி சாதிக் கணக்கெடுப்பாயிற்று. வென்றவர் தெருவில் தோற்றவர் எங்ஙனம் நடப்பது?

இது பழங்கதை என்று சேத்தூர் வட்டாரத்தார் ஒதுக்குவதற்கில்லை. 1997-இல் ஓர் அரசுப் போக்குவரத்துக் கழகத்திற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரிடப்பட்டபோது இப்பக்கமெல்லாம் கலவரம் பரவியது. இறுதியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர் பெயர்களை அரசு நீக்கிற்று.

வாக்கு இரகசியம் என்கிறோம். தனியாள் வாக்கு மறைவதுண்டு. தெருவின் வாக்கு மறைவதில்லை. வாக்குச்சாவடி வாரியாகவே எண்ணிக்கை வெளியாகிறது. எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று மறுநாளே தேநீர்க் கடையில் சொல்லிவிடுவர். பல சாவடிகளின் வாக்குகளை ஒன்றாய்க் கூட்டி எண்ணும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-இலேயே பரிந்துரைத்தது. அரசு அதற்கு இசையவில்லை.