புது வண்டியின் ஓசை

சம்பா நெல் விற்ற பணத்தோடு வங்கிக் கடனும் சேர்த்து எம் தந்தையார் வாங்கிய மின்கல மோட்டார் வண்டி வீடு வந்து 10 நாளே ஆகியிருந்தது. தஞ்சையினின்று கும்பகோணம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பாபநாசம் தாண்டுமுன்னரே பின்புறம் 'கடகட'வென ஓர் ஒலி. கதவோரம் கிறீச்சென மற்றொன்று. எஞ்சின் இரைச்சல் இல்லாத வண்டியாதலின் சிற்றொலியும் பேரொலியாயிற்று. 'கடகட' பிரிந்து நில்லாத இரட்டைக்கிளவி என்பதைத் தொல்காப்பியம் பயிலும் யாம் அறிவோம். அது பிறக்குமிடத்தை அறியோம்!

“பழகப் பழகச் சரியாகிவிடும்” என்றார் விற்றவர். தந்தையாரோ, ஏமாந்தோமோ என்னும் ஐயத்தால் உறவினர் எவரையும் வண்டியில் ஏற்ற இசையவில்லை.

மாட்டுவண்டி ஓட்டிப் பழகிய பாட்டனார் நகைத்தார். “முதலில் இடத்தைக் கண்டுபிடி, தம்பி. கடையாணி ஆடினால் அச்சுக்கு மசகு போட்டு என்ன பயன்?”

ஞாயிறு பிற்பகல் கல்லணைச் சாலையில் தந்தையார் மெல்ல ஓட்ட, யாம் பின்னிருக்கையில் அமர்ந்து ஒவ்வோரிடமாகக் காதுவைத்துக் கையால் அழுத்திப் பார்த்தோம். கடகடத்தது பின்பெட்டியில் தளர்ந்து கிடந்த ஜாக்கி! பழந்துணி சுற்றி இறுக்கினோம். கிறீச்சிட்டது கதவோர ரப்பர்ப் பட்டை. அது இரும்பில் ஒட்டுவதும் வழுக்குவதுமாக மாறிமாறி உராய்ந்ததால் எழுந்த ஒலி அது. தந்தையார் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். எண்ணெயில் ஊறி ரப்பர் உப்பக்கூடுமென்று தடுத்து, புழுதியைத் துடைத்துச் சிலிக்கோன் மசகு பூசினோம்.

மறுநாள் அத்தையாரைத் திருவையாற்றுக்கு அழைத்துச் சென்றார் தந்தையார். பாதி வழியில் வண்டியைச் சட்டென நிறுத்திச் செவிசாய்த்தார்.

“என் வளையலடா, அண்ணா!” என்றார் அத்தையார்.