தென்னங்கன்று நடலாமா?

ரேஸ்கோர்ஸில் காலை நடை முடிந்து நாங்கள் நாலைந்து பெரிசுகள் உட்கார்ந்தால், பேச்சு எப்படியும் விமான நிலையத்துக்கு வந்துவிடும். "பீளமேட்டையே பெரிசு பண்றதுதான் சரிங்க. சித்ராவுல இறங்குனா ஊருக்குள்ள வந்தாச்சு" என்பார் ஒருவர். "ஊரைத் தாண்டிப் புதுசாக் கட்டியிருந்தா இத்தனை வீடு போயிருக்காதுங்களே" என்பார் இன்னொருவர்.

இரண்டிலும் நியாயம் உண்டு. 1940ல் தொடங்கிய நிலையம் அது. ஓடுபாதையின் நீளம் 2,990 மீட்டர். பெரிய ரக விமானங்கள் வந்துபோக அதை 3,800 மீட்டர் அளவுக்கு நீட்ட வேண்டும் என்பது திட்டம். வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கும் நம்மில் பலர் கொச்சிக்குப் போய் விமானம் ஏறியவர்கள்தானே! புது இடம் என்றாலும் சாலை, தண்ணீர், மின்சாரம் எல்லாம் புதிதாக வேண்டும். அங்கேயும் நிலம் யாரோ ஒரு விவசாயியுடையதாகத்தான் இருக்கும்.

விரிவாக்கம்தான் என்று 2010ல் முடிவானது. சிங்காநல்லூர், உப்பிலிபாளையம், காளப்பட்டி, நீலாம்பூர், இருகூர் பக்கம் 600 ஏக்கருக்கு மேல் எடுப்பதாகச் சொன்னார்கள். அதில் என் மனைவியின் அண்ணன் நிலமும் இருந்தது. ஒன்றரை ஏக்கர், ஒரு கிணறு. வறட்சியில் பட்டுப்போன தென்னைகளை வெட்டிவிட்டு, புதுக் கன்றுக்குச் சொல்லி வைத்திருந்தார்.

ஒருநாள் வீட்டுக்கு வந்து கேட்டார்: "ஏனுங்க மாப்ளை, நீங்க சர்க்கார் உத்தியோகம் பாத்தவங்க. கன்னு நடலாமுங்களா, வேண்டாமுங்களா?"

நான் யோசிக்கவே இல்லை. "எதுக்கு மச்சான் வீண் செலவு? ரெண்டு வருஷத்துல எடுத்துக்குவாங்க" என்றேன்.

அவர் நடவில்லை. இரண்டு வருஷம் போனது, ஐந்து வருஷம் போனது. விற்கலாம் என்றால் வாங்க ஆள் இல்லை. வங்கியில் கடன் கேட்டால் தலையாட்டிவிட்டு அனுப்பினார்கள். இழப்பீட்டுத் தொகை, ராணுவ நிலம், பிற்பாடு தனியாருக்குப் போனால் மாநிலத்துக்கு என்ன பங்கு என்று ஒவ்வொரு பேச்சாக நீண்டது. நிபந்தனையில்லாமல் நிலத்தை ஒப்படைக்க மாநில அரசு சம்மதித்தது 2024ல்தான். தென்னை ஐந்தாறு வருஷத்தில் காய்ப்புக்கு வரும். அன்று நட்டிருந்தால் எத்தனை வெட்டு தேங்காய் பார்த்திருப்பார்!

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். இன்றும் அந்த மொழிச் செய்திகளைப் படிப்பதுண்டு. பிரான்சில் நாந்த் நகருக்குப் பக்கத்தில் நோத்ர்தாம் தே லாந்த் என்ற கிராமத்தில் புது விமான நிலையம் என்று 1960களில் பேச்சு எழுந்தது. 1974ல் வயல்களைச் சுற்றிக் கோடு போட்டு, அரசு அதற்கு ஒரு பெயரும் வைத்தது. அந்தப் பெயரிலேயே 'ஒத்திவைத்த' என்ற சொல் இருந்தது. 2016ல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள், பெரும்பான்மை ஆதரவு கிடைத்தது. ஆனாலும் 2018 ஜனவரியில் திட்டத்தையே கைவிட்டு, பழைய நிலையத்தைச் சீர்படுத்துவோம் என்றார்கள். இடையில் போனது ஐம்பது வருஷம்.

நானும் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளில் 'நிலுவை' என்று எழுதியவன்தான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒருவர் குழி வெட்டிவிட்டு, கன்று வைக்காமல் நிற்பார் என்று அன்று தோன்றவில்லை. எந்த இடம் என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். ஆனால் இத்தனை வருஷத்துக்குள் பணம் தராவிட்டால் நிலம் உங்களுடையதே என்று ஒரு தேதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மச்சான் இதுவரை என்னைக் குறை சொன்னதில்லை. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது மட்டும், "இளநி வெட்டிக் குடுக்கலாம்னா மரமில்லீங்க மாப்ளை" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்கிறார்கள். அங்கே சொந்தபந்தம் யாராவது உங்களிடம் வந்து யோசனை கேட்டால், தயவுசெய்து நான் சொன்னதைச் சொல்லாதீர்கள். கன்றை நடச் சொல்லுங்கள்.