சின்ன மீன் வேறு, குட்டி மீன் வேறு

காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு 2019 நவம்பர் வரை கடல் இருந்தது. செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த எனக்கு, அதற்கு முன்பும் கடல் என்றால் ஓர் அலுமினியக் கூடைதான். சதுரங்கப்பட்டினம் பக்கத்திலிருந்து பேருந்து மாறி வரும் மீன்கார ஆயா அதை எங்கள் திண்ணையில் இறக்கும்போது அம்மா ஒரு கை கொடுப்பாள்.

2001இல் மீன்பிடித் தடைக்காலம் வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. ஏப்ரல் பாதியில் ஆயா வருவது குறைந்தது. வந்த ஒரு நாளில், மீன் முட்டை போடுகிற காலமாம், விசைப்படகு போகக் கூடாதாம் என்று சொன்னாள். அம்மா சிரித்துவிட்டாள். “மீனுக்குப் பிரசவ லீவா? குடுத்து வெச்சதுங்க.”

அந்தச் சிரிப்பு எனக்குப் பிறகுதான் புரிந்தது. தம்பி பிறந்து பதினைந்து நாள்கூட ஆகாமல் அம்மா ராட்டையில் உட்கார்ந்து தார் சுற்றியவள். பாவு பிணைப்பதிலும் அவள் கை உண்டு. கோர்வைச் சேலை என்றால் தறியின் மறுபக்கம் உட்கார்ந்து நாடா வாங்கித் தருவதும் அவள்தான். கூலி அப்பாவின் பெயரில் வரும். நெசவாளி என்ற பெயரும் அவருக்குத்தான். ஆயாவின் வீட்டிலும் அப்படித்தான். கடலுக்குப் போகும் மகன் மீனவன். ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, ஊர் ஊராய்ச் சுமந்து விற்று, கடனை அடைக்கும் ஆயா மீன்காரி.

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983இல் வந்தது. அதன் கீழ் வந்த தடைக்காலம் முதலில் 45 நாள். 2017 முதல் 61 நாள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்க வேண்டும். நாட்டுப்படகுகள் போகலாம். கடலடியை வாரிக்கொண்டு வரும் இழுவலைக்கு இரண்டு மாதம் ஓய்வு கிடைப்பது நல்லதுதான். ஆனால் எல்லா மீனும் அந்த இரண்டு மாதத்திலேயே முட்டையிடுவதில்லை. ஜூன் 15 அன்று எல்லாப் படகும் ஒன்றாகக் கடலில் இறங்கும். அதற்குள் பொரித்து வளரத் தொடங்கிய குஞ்சுகளைச் சிறுகண் வலை வாரிக்கொண்டு வந்துவிட்டால் விட்ட விடுப்பு வீண். கடல் தேறுமா என்பதை மிச்சமுள்ள 304 நாள்தான் முடிவு செய்கிறது.

அதை முதலில் கண்டது ஆயாவின் கைதான். அவள் எடைபோடுவதற்கு முன் மீனை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பாள். ஒரு சாண் இருந்த சங்கரா அரைச் சாண் ஆனதை எந்த அறிக்கையும் படிக்காமல் அவள் அறிந்திருந்தாள். “எல்லாமே சின்னதாத்தானே வருது, காரப்பொடியும் சின்னதுதானே?” என்று நான் ஒருமுறை கேட்டேன். “சின்ன மீன் வேற, குட்டி மீன் வேற பாப்பா. காரப்பொடி, நெத்திலி வளந்தாலும் அவ்ளோதான். இது வஞ்சிரக் குட்டி. ஒரு தபா கூட முட்டை போட்டிருக்காது.”

மீன்வளம் குன்றுவதைப் பற்றி நான் பின்னாளில் படித்த எல்லாவற்றின் சாரமும் அதில் இருந்தது. ஒருமுறையாவது இனம் பெருக்கிய பிறகே மீன் பிடிபட வேண்டும். பெரிய தாய்மீன் சிறிய மீனைவிடப் பல மடங்கு முட்டையிடும் என்பதால் பெரியவற்றில் சிலதையும் கடலில் விட்டுவைக்க வேண்டும். கேரளம் 2015இல் 14 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவை விதித்தது, பிறகு அதை 58 வகைகளுக்கு நீட்டித்தது. அங்கே மத்தி 10 சென்டிமீட்டரும் அயிலை, அதாவது நம் கானாங்கத்தை, 14 சென்டிமீட்டரும் இருந்தால்தான் பிடிக்கலாம்.

இதைச் சொன்னதும் பழி அடுப்படிக்கு வந்துவிடும்: குட்டி மீனை வாங்காதீர்கள், பெண்களே! வாங்காமல் இருப்பது நல்லதுதான். ஆனால் கூடைக்கு வரும்போதே அந்த மீன் செத்திருக்கிறது. பெருமளவு குட்டி மீன் கூடைக்குக்கூட வருவதில்லை. கழிசல் என்ற பெயரில் மொத்தமாக மீன்தூள் ஆலைக்குப் போகிறது. கருவாடு போட்டுப் பிழைக்கும் பெண்கள் அந்த ஆலைகளோடு விலையில் போட்டியிட முடியாது. தடுக்க வேண்டிய இடம் வலைக்கண், படகு எண்ணிக்கை, துறைமுக ஏலக்கூடம்.

பெண்கள் கையில் விட்டால் என்ன செய்வார்கள் என்பதற்கு மன்னார் வளைகுடாவில் ஓர் உதாரணம் உண்டு. பாம்பன் பக்கத்தில் தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்கள், பாசி குறைவதைக் கண்டு தாங்களே கூடி முடிவெடுத்தார்கள்: மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது, பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவி வேண்டாம், கையால் மட்டும் பறிப்பது, தடைக்காலத்தையொட்டி 45 நாள் நிறுத்திவிடுவது. பாசிக்காடு குஞ்சு மீன்களுக்குப் புகலிடம் என்பது அவர்களுக்குத் தெரியும். இதற்கு முன்நின்ற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி 2015இல் சீகாலஜி விருது பெற்றார். ஆனால் தேசியப் பூங்காவான அந்தத் தீவுகளில் இந்தப் பெண்கள் பல காலம் அத்துமீறி நுழைபவர்களாகவே நடத்தப்பட்டார்கள்.

தடைக்கால நிவாரணம் மீனவக் குடும்பத்துக்குப் போகிறது. மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டம் என்று ஒன்றும் உண்டு. அதில் பெண் 1,500 ரூபாய் சேமித்தால் அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் திரும்பத் தருகிறது. மூன்றில் ஒரு பங்கு அவள் பணமே. படகு நிற்பதால் கூடை காலியாகும் தொழிலுக்கு என்று தனியாக ஒன்றும் இல்லை. கடல் தேறுவதற்கான விலையை அவளும் கட்டுகிறாள். ரசீதில் மட்டும் அவள் பெயர் இல்லை.

ஆயா இப்போது இல்லை. போன மாதம் எங்கள் தெருமுனையில் தெர்மகோல் பெட்டியோடு உட்கார்ந்திருந்த இளம்பெண்ணிடம், “இது சின்ன மீனா, குட்டி மீனா?” என்று கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“குட்டிதான்க்கா. ஏலத்துல இதான் வந்துச்சு. இத புடிக்காதன்னு சொல்றதுக்கு எங்கள யாரு கூப்புடறாங்க?”

அன்று மீன் வாங்கவில்லை. அவளோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மீனை அளக்கத் தெரிந்த கை அது. கடலைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டங்களில் அவளுக்கு ஒரு நாற்காலி போட இத்தனை வருடம் ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் தார் சுற்றுவதை நிறுத்தவில்லை. “தறிச் சங்கத்துல எனக்குப் போட்டாங்களா?” என்றாள்.