கூமாப்பட்டியும் கடந்தையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்புக்கு அருகே, கூமாப்பட்டி என்றொரு கிராமம் இருக்கிறது. விருதுநகர் ஜில்லாவுக்கு வெளியே அதன் பெயரை அறிந்தவர்கள் வெகு சிலராகவே இருந்தார்கள். 2025-ஆம் வருஷத்தில் அவ்வூர் வாலிபர் ஒருவர் தண்ணீரில் நின்றபடி உலகத்தாரைத் தம் ஊருக்கு உபசாரமாக அழைத்த படக்காட்சி ஒன்று கைப்பேசிகளின் வழியே பரவிற்று. பிறகு கேட்பானேன்? மோட்டாரிலும் பஸ்ஸிலுமாக ஜனங்கள் வந்து இறங்கலானார்கள்.

வருகிறவர்கள் ஏமாற வேண்டியதில்லை. மேற்கே மலைச் சுவர். அதன் காலடியில் பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகள். இப்பால் வயலும் மாந்தோப்பும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தென்னந்தோப்பும். சற்றுத் தள்ளித் தாணிப்பாறை வழியே சதுரகிரிக்கு ஏறும் பாதை செல்கிறது. அமாவாசை, பௌர்ணமி தினங்களில் அங்கே கூட்டம் சொல்லி முடியாது. இந்த மலைக்காடு 1988-ல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயமாயிற்று. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாயிற்று.

புலியைப் பற்றி யாத்திரிகர்கள் ஆவலோடு விசாரிக்கிறார்கள். ஆனால் அவர்கள் தலைக்கு மேலே தொங்குவதைப் பற்றி ஒருவரும் விசாரிப்பதில்லை. தென்னை மட்டைகளின் இடுக்கில், காகிதத்தால் செய்த பானை போன்ற கூடு தெரிந்தால், அது கடந்தையின் வாசஸ்தலம். கதண்டு என்றும் சொல்வார்கள். கறுத்த உடலும் வயிற்றில் மஞ்சள் பட்டையும் கொண்ட பெருங்குளவி அது. மரப்பட்டையை மென்று குழைத்தே அந்தக் காகிதத்தைச் செய்கிறது. வேலைப்பாட்டை மெச்சலாம், கிட்டே நின்று மெச்சக் கூடாது. காய் பறிக்க ஏறுகிறவர் பாளைக்குக் கை நீட்டும்போதுதான் கூட்டைக் காண்கிறார். இரண்டு கைகளும் மரத்தைப் பற்றியிருக்க, அவர் எதைக் கொண்டு முகத்தை மூடுவார்? கொட்டுவது ஒரு விபத்து, விழுவது இன்னொரு விபத்து. ஏறுமுன் மரத்தைச் சுற்றி வந்து அண்ணாந்து பார்ப்பதற்கு இரண்டு நிமிஷம் போதும். கூலி கொடுக்கும் தோட்டக்காரர் அந்த இரண்டு நிமிஷத்துக்கு அவசரப்படுத்தாமல் இருக்க வேண்டும். கூடு இருந்தால் பந்தத்தைத் தூக்கிக்கொண்டு புறப்படாமல், தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லி அனுப்புவதே முறை.

தேனீயின் சமாசாரம் வேறு. அதன் கொடுக்கில் பின்னோக்கிய முட்கள் உண்டு. ஆகவே கொட்டியதும் கொடுக்கு நம் தோலிலேயே தங்கிவிடுகிறது. ஈ மாண்டு போகிறது. ஆனால் கொடுக்கோடு ஒட்டிய விஷப்பை, உடலை விட்டுப் பிரிந்த பிறகும் தானே துடித்து விஷத்தை உள்ளே செலுத்திக்கொண்டிருக்கிறது. இருபது விநாடிக்குள் பெரும் பகுதி இறங்கிவிடும். பையை அமுக்கக் கூடாது, பக்குவமாகச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 1996-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கைகளிலேயே தேனீயைக் கொட்டவிட்டுப் பார்த்தார்கள். கிள்ளி எடுத்தாலும் சுரண்டி எடுத்தாலும் ஒன்றுதான், தாமதமே வீக்கத்தைப் பெருக்குகிறது என்று கண்டார்கள். எனவே கத்தி தேடி ஓடாமல் நகத்தாலேயே பிடுங்கிவிடுவது உத்தமம். குளவியோ கொடுக்கை விட்டுச் செல்வதில்லை. திரும்பத் திரும்பக் கொட்டும்.

நம் வீடுகளில் உடனே தேடப்படுவது வெற்றிலைப் பெட்டியிலுள்ள சுண்ணாம்பு. விஷம் அமிலம், சுண்ணாம்பு காரம், ஒன்றை ஒன்று முறிக்கும் என்று நியாயமும் சொல்வார்கள். விஷம் தோலுக்கு அடியில் போய்விட்டது. சுண்ணாம்போ தோலுக்கு மேலே நின்று அதைப் புண்ணாக்குகிறது. பாட்டிமாரின் கைவைத்தியத்தில் நமக்கு மதிப்பு உண்டென்றாலும் இந்த ஒன்றை விட்டுவிடலாம். சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியைச் சுற்றி, கையையோ காலையோ உயர்த்தி வைத்தால் போதும். விரலில் கொட்டினால் வீங்குவதற்கு முன் மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும்.

இது சாதாரணமாகக் கொட்டுப்பட்டவருக்கு. சிலருக்கு ஒரே கொட்டு உயிருக்கு உலையாகிறது. பிரெஞ்சு வைத்தியர் சார்ல்ஸ் ரிஷே 1902-ல் இதன் மர்மத்தை விளக்கினார். கடல் பிராணியின் விஷத்தை ஒரு முறை தாங்கிக்கொண்ட நாய், சில வாரம் கழித்து அதைவிடக் குறைந்த அளவைக் கொடுத்தபோது சிறிது நேரத்தில் இறந்தது. முதல் தடவை உடல் பழகிக்கொள்ளவில்லை. பகையை நினைவில் வைத்துக்கொண்டது. இக்கண்டுபிடிப்புக்காக 1913-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆகையால், "முன்பே கொட்டியிருக்கிறது, ஒன்றும் செய்யவில்லை" என்ற தைரியம் செல்லாது. உடம்பெங்கும் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், மூச்சுத் திணறல், தலைசுற்றல் ஆகியவற்றில் எது கண்டாலும் மந்திரிப்பவரை நாடாமல் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். அதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. கால் மணி நேரத்தில் முடிந்துபோனவர்களும் உண்டு. வத்திராயிருப்பிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அரசினர் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. வண்டி வரும் வரை நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்தலாம். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரட்டும். எழுந்து நடக்கவிடக் கூடாது.

மலைத்தேனீயோ பாறை விளிம்பிலும் உயர்ந்த கிளையிலும் அகன்ற அடையைத் தொங்கவிடும். இந்த மலைகளில் தேன் எடுக்கும் பளியர் அதை நன்கு அறிவார்கள். நாகரிக யாத்திரிகரோ அடைக்கு நேர் கீழே அடுப்பு மூட்டுகிறார். பிள்ளைகள் கல் எறிகிறார்கள். ஓர் ஈ கொட்டியதும் அவ்விடத்திலிருந்து வாழைப்பழ மணம் போன்ற ஒரு வாசனை எழுகிறது. மற்ற ஈக்களுக்கு அதுவே போர்முரசு. நின்று கையை வீசிப் போராடுவது வீண். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நேரே ஓடி, வீட்டுக்குள்ளோ வண்டிக்குள்ளோ புகுந்து கதவைச் சாத்த வேண்டும். அணை நீரில் குதித்தால், தலை வெளியே வரும் வரை அவை மேலே காத்திருக்கும்.

ஏராளமான ஈக்கள் கொட்டியவர் ஆஸ்பத்திரியில் ஒரு நாளாவது தங்குவது அவசியம். வலி தணிந்து வீடு திரும்பியவருக்கு மறுநாள் சிறுநீர் கறுத்து, சிறுநீரகம் கெடுவது உண்டு. "சௌக்கியமாகத்தான் இருக்கிறேன்" என்று அவரே சொன்னாலும், அன்றிரவு ஊருக்கு அழைத்துச் செல்லக் கூடாது.