போலியின் போலி

நாகரிகம் மாளிகையிற் பிறந்து மெல்ல மெல்லத் தெருவுக்கு இறங்கி வருகிறது என்று எண்ணுவோர் பலர். உடையின் வரலாறு அவ்வாறு கூறவில்லை. நீல டெனிம் காற்சட்டை அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளி உடுத்தது. கால் விரிந்த பெல்பொட்டம் கப்பலின் தளம் கழுவிய மாலுமி உடுத்தது. வியர்வை படிந்த அத்துணி, சில காலத்தின் பின் கண்ணாடிப் பேழைக்குள் ஏறி நின்றுகொண்டு, தன்னை முன்பு உடுத்தவனையே வாசலில் தடுத்து நிறுத்துகிறது. 1957 வரை பிரித்தானியக் கடற்படை தளம் அமைத்திருந்த திருகோணமலைத் துறைமுகத்தின் ஓரத்தில் வாழும் நமக்கு, மாலுமியின் உடையும் அவனுடைய அதிகாரியின் உடையும் வேறு வேறு என்பதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இத்துறைமுகத்தை அடுத்த வீதிகளில் மாலை வேளையில் நடைபாதைக் கடைகளைப் பாருங்கள். கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து மூட்டை மூட்டையாக வந்திறங்கிய சேட்டுகளில், பாம்புகள் கூந்தலாய் நெளியும் பெண்தலை ஒன்று பொன்னிறத்தில் மின்னுகிறது. கிரேக்க புராணத்து மெடூசா அவள். இத்தாலியின் வெர்சாச்சி நிறுவனத்தின் இலச்சினை. நம் மாணவர்களுக்கோ அவள் நாகம்மா! நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்துக் குறைந்திருக்கும், அல்லது கூடியிருக்கும். அதனால் என்ன? மீன்பெட்டி சுமக்கும் இளைஞனும் ரியூசனுக்குப் போகும் மாணவனும் அதையே விரும்பி அணிகின்றனர். 'போலி' என்று நகைக்கிறது நம் நடுத்தர வர்க்கம். ஆசிரியர் ஓய்வறையிலும் அந்நகைப்பு கேட்கத்தான் செய்கிறது.

இந்த நகைப்பைத் திருப்பிக் கொடுத்தவர் ஒரு தமிழ்ப்பெண். மாதங்கி அருள்பிரகாசம் என்பது பெயர், எம்.ஐ.ஏ. என்றால் உலகம் அறியும். 1975 இல் இலண்டனிற் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, 1986 இல் போரின் அகதியாக மீண்டும் இலண்டன் சேர்ந்தவர். பாடகியென்றே பலர் அவரைக் கொண்டாடுகின்றனர். ஆனால் சென்ற் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் அவர் பயின்றது திரைப்படக்கலை; ஓவியமும் அச்சும் துணியும் அவருக்குப் பாட்டுக்கு முந்திய மொழிகள்.

2013 இல் வெர்சாச்சி நிறுவனம் தனது 'வெர்சஸ்' பிரிவுக்கு ஓர் உடைத் தொகுதி செய்து தருமாறு அவரை அழைத்தது. பழைய அசல் வடிவங்களிலிருந்து தெரிந்தெடுப்பதே வழக்கமான வழி. அவரோ இலண்டன் தெருச்சந்தைகளில் விற்கப்பட்ட போலி வெர்சாச்சிகளைத் தமக்கு மூலமாகக் கொண்டார். கொச்சையான வண்ணம், மட்டுமீறிய பொன், இடம் தவறிய மெடூசா ஆகிய எல்லாம் போலியிலிருந்து அசலுக்குள் புகுந்தன. நிறுவனமே தன் போலியைப் போலி செய்தது. அதையும் தெரு மீண்டும் போலி செய்யும் என்பதையும் அவர் முன்னரே சொல்லிவிட்டார்.

இக்கதையை வகுப்பிற் சொன்னபோது பின்வாங்கிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "அப்ப எங்கட சேட்தானே சேர் ஒறிஜினல்?"

நல்ல கேள்வி. 'ஆம்' என்று சொல்லிவிட நாவு துடித்தது. எனினும் இலண்டன் கடையில் அத்தொகுதிக்கு இடப்பட்ட விலை நடைபாதை விலையன்று. அந்தப் போலிகளை முதன்முதல் வரைந்த பெயரறியாத கைகளும் கடைக்கு வெளியேதான் நின்றன. தெருவின் கண் உள்ளே போயிற்று. தெருவின் கை போகவில்லை. நியூயோர்க் ஹார்லெமில் டாப்பர் டான் என்ற கறுப்புத் தையற்கலைஞர், ஆடம்பர நிறுவனங்களின் முத்திரைகளைத் தம் கற்பனைக்கேற்பத் தோலில் அச்சிட்டு உடை செய்தார். அந்நிறுவனங்களின் வழக்குகளாலும் சோதனைகளாலும் அவரது கடை 1992 இல் மூடப்பட்டது. 2017 இல் குச்சி நிறுவனம் அவருடைய சட்டையொன்றையே படியெடுத்தது. எதிர்ப்பு எழுந்த பின்னரே அவரைக் கூட்டாளியாக ஏற்றது. ஏழை படியெடுத்தால் திருட்டு. செல்வன் படியெடுத்தால் 'மரியாதை செலுத்துதல்'! 2018 இல் வெர்சாச்சி என்ற நிறுவனமே ஏறக்குறைய 210 கோடி டொலருக்குப் பேசி விற்கப்பட்டது. அத்தொகையில் துணியின் விலை எவ்வளவு, பெயரின் விலை எவ்வளவு?

இதற்காக மாதங்கியைக் குறைகூற நமக்கு மனமில்லை. அசல், போலி என்ற தீண்டாமைச் சுவரில் அவர் ஒரு துளையேனும் இட்டார். சுவரை இடிப்பது ஒரு பாடகியின் தனிவேலையன்று.

நம் ஊர்ப் பெண்பிள்ளைகளின் வேலை வேறு. 1978 இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்த நாள் முதல், தையல் இந்நாட்டின் பெருந்தொழிலாக வளர்ந்துவிட்டது. நாட்டின் பண்ட ஏற்றுமதி வருவாயில் ஐந்தில் இரண்டு பங்களவு உடையால் வருகிறது. உயர்தரப் பரீட்சையில் தவறிய மாணவியர் சிலர் அத்தொழிற்சாலைகளுக்கே போகின்றனர். விடுமுறைக்கு வரும்போது தம்பிக்கென்று அவர்கள் வாங்கி வருவது புறக்கோட்டை நாகம்மாவைத்தான். தாம் தைக்கும் உடையை அவர்கள் கடையிற் கண்டதில்லை.

மாதங்கியின் தாய் கலாவும் தையல்வேலை செய்தவரே. இலண்டனில் அகதியாகத் தஞ்சம் பெற்றபின் அவருக்குக் கிட்டிய கைவேலை, பிரித்தானிய அரசி வழங்கும் விருதுப் பதக்கங்களைக் கையால் தைத்துக் கொடுப்பது. முப்பதாண்டுகளுக்கு மேல் ஆயிரக்கணக்கில் தைத்தார். 2019 இல் மகளுக்கு எம்.பி.ஈ. விருது அறிவிக்கப்பட்டது. அதைத் தாயின் உழைப்பை மதித்தே ஏற்பதாக மகள் சொன்னார். மறு ஆண்டு சனவரியில் அரண்மனைக்குப் போய் அந்தப் பதக்கத்தை வாங்கிக்கொண்டார்.