எந்த லைப்ரரி, சேர்?

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் சும்மா இருப்பதில்லை. ஒருவர் வாப்பாவின் கடைக் கடன் கொப்பியைக் கணினியில் ஏற்றுகிறார். இன்னொருவர் ஜனாஸா சங்கத்தின் சந்தாக் கணக்கையே பொறுப்பெடுத்திருக்கிறார். மாஷா அல்லாஹ். எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: "சேர், பைதனில் இருந்து மைஎஸ்கியூஎல்லுக்குப் போக எந்த லைப்ரரி?"

பெற்றோருக்கும் விளங்கச் சொல்கிறேன். கணக்குகள் இருக்கும் தரவுத்தளம் தனி மென்பொருள், பிள்ளை எழுதும் புரோகிராம் வேறு. இரண்டுக்கும் நடுவில் நின்று பேச்சைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் இந்த லைப்ரரி.

பிள்ளைகள் யூடியூப்பில் முதலில் வரும் பாடத்தைப் பார்த்து, அதில் சொன்னதையே நிறுவுகிறார்கள். பாடம் எந்த வருடத்தது என்று பார்ப்பதில்லை. மைஎஸ்கியூஎல்-கனெக்டர் என்று ஒன்று உண்டு. மைஎஸ்கியூஎல்-கனெக்டர்-பைதன் என்று இன்னொன்றும் உண்டு. முதலாவது வருடக்கணக்காகப் புதுப்பிக்கப்படாதது. இரண்டாவது ஒரகிள் நிறுவனம் இன்றும் பராமரிப்பது. புரோகிராமுக்குள் இரண்டையும் ஒரே பெயரில்தான் இம்போர்ட் செய்கிறோம், அதனால் கோடைப் பார்த்து எது என்று கண்டுபிடிக்க முடியாது.

வீட்டில் பழையதும் வேலை செய்யும். காரணம், பிள்ளைகள் வைத்திருக்கும் எக்ஸாம்ப்பில் மைஎஸ்கியூஎல் என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது மரியாடிபி. உண்மையான சேர்வருக்குப் போனதும்தான் சிக்கல். 2018இல் வந்த மைஎஸ்கியூஎல் 8.0 கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் வழமையான முறையை மாற்றியது. பழைய லைப்ரரிக்கு அந்த முறை தெரியாது, உள்ளே போக முடியாமல் பிழைச்செய்தி தரும். இணையத்தில் தேடினால், "சேர்வரைப் பழைய முறைக்கு மாற்று" என்று பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஊர் மக்களின் பணக்கணக்கு இருக்கும் இடத்தில் பூட்டைத் தளர்த்துவதா, சாவியை மாற்றுவதா? 2024இல் வந்த 9.0 பதிப்பில் அந்தப் பழைய முறையையே நீக்கிவிட்டார்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது பைமைஎஸ்கியூஎல். முழுக்கப் பைதனிலேயே எழுதப்பட்டது, எந்தக் கணினியிலும் தொல்லையில்லாமல் ஏறும். புதிய கடவுச்சொல் முறைக்காகக் கிரிப்டோகிராஃபி என்ற பொதியையும் சேர்த்து நிறுவிக்கொள்ளுங்கள். மைஎஸ்கியூஎல்கிளையன்ட் இதைவிட வேகமானதுதான். ஆனால் லினக்ஸில் அதை நிறுவ சி கம்பைலர் வேண்டும், முதல் நாளே பிள்ளை சலித்துப்போகும். கடைக் கணக்குக்கு அவ்வளவு வேகம் தேவையுமில்லை. பிஎச்பி பக்கம் போகிறவர்கள் பிடிஓ எடுங்கள். மைஎஸ்கியூஎல்_கனெக்ட் என்று தொடங்கும் பாடத்தைக் கண்டால் மூடிவிடுங்கள், அது 2015இல் பிஎச்பி 7 வந்தபோதே நீக்கப்பட்டது.

எதை எடுத்தாலும், பெயரையும் தொகையையும் எஸ்கியூஎல் வாக்கியத்தோடு கூட்டல் குறி போட்டு ஒட்டாதீர்கள். முஃமின் போன்ற நம் பெயர்கள் சிலவற்றை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒற்றை மேற்கோள் குறி வரும். அந்த ஒரு குறியில் வாக்கியம் உடைந்துவிடும். அதே ஓட்டையால் வேண்டுமென்றே உள்ளே நுழைகிறவர்களும் இருக்கிறார்கள். பெயர் வர வேண்டிய இடத்தில் %s போட்டுவிட்டு, பெயரை எக்ஸிகியூட்டுக்குத் தனியாகக் கொடுங்கள். நான் சொன்ன மூன்று பைதன் லைப்ரரிகளிலும் இது ஒரே மாதிரித்தான், பிறகு ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுவதும் லேசு. கடைசியில் கொமிட் போட மறந்தால் பதிந்த சந்தா பதியாமலே போகும், அதையும் பாருங்கள்.

ஏற்கனவே தொடங்கிவிட்ட தம்பி தங்கைமார் 'பிப் லிஸ்ட்' கொடுத்து வரும் பட்டியலைப் படமெடுத்து எனக்கு இன்பொக்ஸில் அனுப்புங்கள். ஜனாஸா சங்கத்துக் கணக்கு செய்பவர் முதலில் அனுப்பட்டும்.